வடதிருவாலவாயும் ஆலயப் பணியும்

மதுரைமா நகரின் வடபாலில், வையையின் தென்கரைக்கு அணித்தாய், சிம்மக்கல் என்னும் பெயரால் வழங்கும் இடத்தில் பழைய சொக்கநாதர் திருக்கோயில் உளது. அங்கயற்கண்ணியம்மையுடன் ஆலவாயண்ணல் எழுந்தருளிய பெருங்கோயிலின் நாற்றிசைக் கோபுரங்களையும் பொற்றாமரைக் குளத்தையும் கண்டு திளைத்த கண்ணுக்கு இது சிறியதோர் ஆலயமே. யாத்திரிகர் பலர் இதனை அறியாதே ஊர் திரும்புவர். ஆயினும், சைவர் ஆலயம் என்று எதனைக் கொண்டனர், அதனை எடுத்தலாகிய பணியின் உட்பொருள் யாது என்னும் வினாக்களுக்கு, வானளாவிய கோபுரங்களினும் இச்சிறு கோயிலே தெளிந்த விடை தருவதாகும். அவ்விடை, பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்துத் திருவாலவாய்க் காண்டத்தில், 56-ஆம் படலமாகிய இடைக்காடன் பிணக்குத் தீர்த்த படலத்துள் பொதிந்து கிடக்கின்றது.

கதை சைவ நன்மக்கள் அறிந்ததே. குலேச பாண்டியன் இலக்கண இலக்கியங்களில் வல்லவன். சங்கப் பலகையே இடங்கொடுத்தற்கேற்ற புலமையுடையவன். அவன் கல்விச் சிறப்பைக் கேள்வியுற்று, கபிலரிடத்துப் பெருங்கேண்மை பூண்ட இடைக்காடர் அவனவைக்கு வந்து செய்யுள் பாடினார். மன்னன் உள்ளத்தில் அழுக்காறு புகுந்தது. அவன் தலையசைத்திலன், ஒரு சொல்லும் வியந்து கூறிலன். புலவர் சொக்கர் திருமுன் சென்று முறையிட்டார். சொல்லாகி நிற்பவள் அம்மையும், சொல்லின் பொருளாகி நிற்பவன் அப்பனும் ஆதலின், இகழப்பட்டோர் நீவிரே. எனக்கு அதனால் வருவது யாது என்பது அம்முறையீட்டின் சாரம். அவ்வளவில் இறைவன் தன் இலிங்க வடிவை மறைத்து, அம்மையோடு கோயிலை நீங்கி, நேர் வடக்கே வையைத் தென்கரையில் ஓர் ஆலயங்கண்டு எழுந்தருளினான். சங்கப் புலவரும் உடன் சென்றனர். வைகறையிற் கோயில் புக்கோர் மூர்த்தியைக் காணாது நடுங்கி அரசனுக்கு உரைத்தனர்.

இப்படலத்தைப் புலவர் பெருமை கூறுவதென்றும், தமிழின்பால் இறைவற்குள்ள காதலைக் காட்டுவதென்றும் கூறி அமைவர் உரை விரிப்போர். அது பிழையன்று. ஆனால் அங்ஙனம் கூறி அமைதலால், ஆசிரியர் இதனுள் வைத்த அரிய பொருளொன்று விடுபட்டுப் போகின்றது. மன்னன் செய்த குற்றத்தின் அளவை நோக்குக. அவன் பூசையை நிறுத்தினானல்லன். கோயில் நிலத்தைக் கவர்ந்தானல்லன். மூர்த்திக்கு ஊறு செய்தானல்லன். பாட்டைக் கேட்டுத் தலையசையாதிருந்தான், அவ்வளவே. அத்துணைச் சிறு குற்றத்திற்கு இத்துணைப் பெருந்தண்டமா என்று கற்போன் திகைத்தல் வேண்டும். திகைக்குமாறே புலவர் யாத்துள்ளார். மதிலும் விமானமும் வாடாத மாலையும் நந்தா விளக்கும் அன்றிரவும் இருந்தன. உடையவன் மட்டும் இலன். ஆகவே கட்டடம் ஆலயமாவது எதனால் என்னும் வினா இங்கே தானே எழுகின்றது.

இவ்வினாவைப் பரஞ்சோதியார் நூலின் தொடக்கத்திலேயே விதைத்துவிட்டார் என்பதும் உணரற்பாலது. இந்திரன் பழி தீர்த்த படலத்தில், கடம்பவனத்தில் மூர்த்தி முன்னரே உளர். விமானம் பின்னர் வருகின்றது. தேவர்கோன் காட்டிடையே சிவலிங்கங் கண்டு பழி நீங்கப்பெற்ற பிறகே எண்யானை தாங்கும் விமானத்தை வருவித்துச் சாத்துகின்றான். அதன் பின்னும் அது காடாகவே கிடக்கின்றது. மணவூர் வணிகன் தனஞ்சயன் வழியில் இருட்டிவிட்டமையால் அங்கு ஓரிரவு தங்கித் தேவர் பூசனை கண்டு, குலசேகர பாண்டியனுக்கு அறிவிக்கின்றான். இறைவன் சித்தராய்த் தோன்றி நகரமும் கோயிலும் அமைக்கும் முறையை அரசனுக்கு உணர்த்துகின்றான். இது திருநகரங்கண்ட படலம். பெயரே 'கண்ட' என்பது. கோயில் எடுத்தோன் எவனும் அங்கே இறைவனைக் கொணர்ந்தானல்லன். முன்னரே உள்ளவனைக் கண்டுகொண்டு, பிறரும் காணுமாறு காடு திருத்தினான். சிம்மக்கல்லில் உள்ள ஆலயமும் இம்முறைக்கு விலக்கன்று. குலேசன் காலத்தில் இறைவன் புதிதாகக் குடிபுகுந்த இடம் எனின், அதனைப் 'பழைய' சொக்கநாதர் என்பது என்னை என்று வினவுவாருளர். அவ்விடம் அளகை வேந்தனாகிய குபேரன் முன்னரே வழிபட்டதென்பது மரபு. ஆதலின் அங்கும் முதலிற் கண்டது புதுமையன்று. மறந்து கிடந்த பழமையே என்க.

அற்றேல், யாண்டும் நிறைந்து நிற்பவனுக்குக் கோயில் எற்றுக்கு? காட்டிலும் உளன், கருத்திலும் உளன் எனின், கல்லும் சுதையும் கொண்டு இல்லம் எடுத்தல் பேதைமையாகாதோ? இவ்வினா இக்காலத்து அறிவாராய்ச்சியாளர் மட்டும் எழுப்புவதன்று. சைவ ஆசாரியரே எழுப்பி விடையும் கண்டுள்ளனர். சிவஞானபோதத்தின் 12-ஆம் சூத்திரத்து உரையில், பிறவிடங்களில் இறைவன் பாலினுள் நெய்போல மறைந்தும், ஆலயத்தும் அடியாரிடத்தும் தயிரினுள் நெய்போல விளங்கியும் நிற்பன் என்று காட்டப்படுகின்றது. இவ்வுவமையைப் பலரும் எடுத்தோதுவர். அதனுள் நின்று ஆராய்வார் சிலர். பால் தானே தயிராவதன்று. காய்ச்சி, இளஞ்சூட்டில் ஆற்றி, பிரை ஊற்றி, அசையாது ஓரிடத்து வைத்தல் வேண்டும். கலத்தில் ஒரு துளி பழையது ஒட்டியிருப்பினும் பால் திரிந்து போம். ஆலயம் எடுத்தல் பிரை ஊற்றுதலோடு ஒக்கும். அது பாலைப் படைப்பதன்று, நெய்யைப் படைப்பதுமன்று. உள்ளது விளங்குதற்கு வேண்டும் நிலையை ஆக்குவது. குலேசனது கலத்தில் ஒட்டியிருந்த பழையது அவனது அழுக்காறு.

ஆகம நூல்களும் சிற்ப நூல்களும் கூறும் ஆலய முறையிலும் இவ்வுண்மை வெளிப்படை. ஆலயக் கிரியைகளைக் கர்ஷணம் முதற் பிரதிட்டை ஈறாகவும், பிரதிட்டை முதல் உற்சவம் ஈறாகவும், உற்சவம் முதற் பிராயச்சித்தம் ஈறாகவும் வகுப்பர். கர்ஷணம் என்பது உழுதல். கல் நடுவதற்கு முன் நிலத்தை உழுது, வித்திட்டு, விளைந்த பயிரை ஆனிரை மேய விடுதல் வேண்டும் என்பர். பின்னரே சிற்பி நூல் பிடிப்பன். கோயில் எடுக்கத் தொடங்குவோன் முதற்கண் செய்வது ஓருயிர்த் தொகுதிக்கு உணவிடுதலாய் முடிதல் கருதத்தக்கது. கருவறை தலையென்றும், கோபுரம் திருவடியென்றும் உடம்போடு ஒப்பிட்டுக் கூறுவன யாவரும் அறிந்தனவாகலின் ஈண்டு விரிக்கப்படவில்லை. ஆலயம் என்னும் சொல்லுக்கு ஆன்மா இலயிக்கும் இடம் எனப் பொருள் கூறும் வழக்கும் அங்ஙனமே. உழவின் பொருளோ பெரும்பாலும் எடுத்துரைக்கப்படுவதில்லை.

இனி, கோயில் எடுத்த வரலாறு என்ற அளவிலே பூசலார் நாயனாரை நினையாதார் இலர். இடைக்காடன் படலத்தோடு பெரியபுராணத்துப் பூசலார் புராணத்தை ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும். இரண்டும் ஒரு பொருளின் இருபுறம் ஆதலின். காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர்கோன் பிரதிட்டைக்கு நாள் குறிக்கின்றான். திருநின்றவூர்ப் பூசல் நெடுநாள் நினைந்து செய்த ஆலயத்துள் நாளை புகுவோம். நின் செயலைப் பின்னர் வைத்துக்கொள்க என்று இறைவன் கனவில் அருள்கின்றான். அரசன் நின்றவூர் சென்று பூசல் எடுத்த கோயில் யாது என வினவ, அவ்வூரில் அங்ஙனம் ஒரு கோயிலும் இல்லை என்கின்றனர் ஊரினர். அரசன் இராசசிம்ம பல்லவன் என்றும், கற்றளி கி.பி. 700-ஐ ஒட்டி எழுந்த கைலாசநாதர் கோயில் என்றும் ஆராய்ச்சியாளர் கொள்வர். அக்கோயிலின் வடமொழிக் கல்வெட்டு, அவ்வரசன் கலியுகத்தே வானொலி கேட்டவன் எனப் புகழ்வதும் இவ்வரலாற்றோடு இயைத்துக் காட்டப்படுவதுண்டு.

இவ்வரலாற்றைக்கொண்டு, மனக்கோயிலே மெய். கற்கோயில் பொய் என்று தீர்ப்புக் கூறுவார் பலர். சேக்கிழார் பெருமான் சொல்லாததை அவர்மேல் ஏற்றுதலாகும் அது. பூசலார் முதலில் விரும்பியது கற்கோயிலையே. அதற்குப் பொருள் தேடி எங்கும் அலைந்து, சிறிதும் பெறாமையால் உள்ளத்தே எடுக்கத் தொடங்கினார். அவ்வுள்ளக் கோயிலும் நினைத்த மாத்திரத்தில் எழுந்ததன்று. பொருள் திரட்டினார், தச்சரைத் தேடினார், ஆகம முறைப்படி நன்னாள் கொண்டு அடிநிலை அமைத்தார், இரவும் உறங்காது பணி செய்தார், சிகரம் முடித்துச் சுதை வேலையும் நிரப்பி, கிணறும் மதிலும் குளமும் வகுத்தார். கல்லிலே எடுப்பான் எவன் அத்துணைப் பொறுமையோடு எடுப்பன்? உள்ளத்தாலேயே எடுத்தும் ஒரு கிணற்றைக்கூட விட்டுவிட மனம் வரவில்லை அவருக்கு. கற்கோயிலை இகழ்வோன் செய்யும் செயலா இது? இறைவனும் காடவன் கோயிலை வேண்டேன் என்றிலன். நாளை மாற்றிக் கொள்க என்றே அருளினான். கற்கோயிலுக்கு அன்பின் கோயிலே அளவுகோல் என்பதும், அளவுகோலை வைத்துக்கொண்டு அளக்கப்படும் பொருளை எறிந்துவிடலாகாது என்பதுமே அங்குப் பெறப்படும் பொருள்.

ஒருபுறம் அரசன் எடுத்த கோயிலுள் இறைவன் புகுதலை ஒருநாள் தாழ்க்கின்றான். மற்றொருபுறம் அரசன் காத்த கோயிலினின்றும் ஓரிரவில் நீங்குகின்றான். இரண்டிடத்தும் முடிமன்னன் தான் பொருட்படுத்தாத ஓர் அடியானை நாடிச் செல்ல நேர்கின்றது. குலேசன் மூர்த்தி எழுந்தருளிய செய்தி கேட்டவுடன் வடக்கே நடந்து சென்று விழுந்து புலம்பினான். நின் பகைவர் எவரேனும் செய்த தீங்கோ, அடியேன் செய்த பிழையோ என்று பலவாறு எண்ணி வருந்துவானாயினும், தலையசையாத அந்நேரம் அவன் நினைவுக்கு வரவில்லை. இறைவன் கூறிய பின்னரே அறிகின்றான். பாத்திரத்தின் உள்ளத்தை இங்ஙனம் காட்டிய நயம் இப்படலத்திற்கே உரியது. புராணம் என்றால் அற்புதங்களின் குவியல் என்று கூறுவோர் இவ்விடத்தைச் சற்று நின்று நோக்குவாராக.

மதுரைக் கோயிலுக்கு வேறொரு காலத்தில் நேர்ந்த இடுக்கணையும் இங்கு ஒப்பிட வேண்டும். 14-ஆம் நூற்றாண்டிற் படையெடுப்புக்களால் நகரம் சீரழிந்தபோது, தானிகர் மூலலிங்கத்தை மண்ணிட்டு மூடி, கருவறை வாயிலைச் சுவரெழுப்பி அடைத்து, முன்னே வேறோர் இலிங்கத்தை வைத்தனர் என்பதும், பல்லாண்டு கழித்து விசயநகரத்துக் கம்பண உடையார் மதுரையை வென்ற காலத்தில் அது திறக்கப்பட்டது என்பதும் கோயில் மரபுச் செய்தி. சிதைவுற்ற இலிங்கம் ஒன்று சுவாமி கோயிலில் இன்றும் காட்டப்படுகின்றது. ஒளிக்கும் சுவர் எழுப்பிய அக்கைகளும் ஆலயம் எடுத்த கைகளே. கோபுரம் எடுத்தோர் பெயரைக் கல்லிற் காணலாம். அச்சுவர் எடுத்தோர் பெயரைத் தேட வேண்டும். பகைவர் இடித்த நாளில் இறைவன் நீங்கினன் என்று எவரும் கூறவில்லை; இருந்தான் என்பதே மரபு. தன் அன்பர் ஒருவரைத் தன் அன்பர் மற்றொருவரே இகழ்ந்த நாளிலே நீங்கினான். ஆலயத்துக்கு வரும் கேடு புறத்தினும் அகத்தே கொடிது என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டா.

சிவஞானபோதத்தின் இறுதிச் சூத்திரம் சீவன்முத்தர்க்கு விதித்ததும் இதனோடு பொருந்துமாறு காண்க. மலம் நீங்கியோர் அன்பரோடு கூடியிருந்து, அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே கொண்டு வழிபடல் வேண்டும் என்பது அதன் கருத்து. வேடத்தை முன்னும் ஆலயத்தைப் பின்னும் வைத்து இரண்டையும் ஒரே விதியுள் அடக்கினார் மெய்கண்ட தேவர். ஒன்றைத் தொழுது மற்றொன்றை இகழ்வோன் விதியிற் பாதியைச் செய்தானென்று கூறிவிடல் ஆகாது, விதியையே முறித்தான். திருமூலரும், கோயிலிலுள்ள இறைவனுக்கு இடுவது அடியார்க்குச் சென்று சேராது. அடியார்க்கு இடுவதோ இறைவனுக்கும் சேரும் எனத் திருமந்திரத்தே முறைப்படுத்தினார். இடைக்காடன் படலம் இவ்விதியைக் கதையாக்கியது. அடியான் இகழப்பட்டான், ஆலயம் வெறிதாயிற்று.

இதனை ஏட்டளவில் ஆராய்ந்து போதல் எளிது. மதுரையிலேயே இது நடைமுறையிற் சோதிக்கப்பட்ட காலமும் ஒன்றுண்டு. 1939-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8-ஆம் நாள், அ. வைத்தியநாத ஐயர், அதுகாறும் திருக்கோயிலுட் புகவொட்டாது விலக்கப்பட்டிருந்த வகுப்பினர் சிலரை உடன்கொண்டு அங்கயற்கண்ணியம்மை திருமுன் சென்று வழிபட்டார். பட்டர் சிலர் பூசை செய்ய மறுத்தனர். அம்மை கோயிலை நீங்கிவிட்டாள் என்று கூறி, தனியிடத்தே வேறு வழிபாடு நடத்தினாரும் உளர். அவர் கூற்றும் இப்படலத்தின் சாயலையே உடையதன்றோ? கோயிலினின்றும் இறைவன் நீங்குவான் என்பது இரண்டற்கும் பொது. ஆகவே நூலைக்கொண்டே அக்கூற்றை அளத்தல் வேண்டும். திருவிளையாடற் புராணத்துச் சொக்கர் எப்பொழுது நீங்கினார்? ஓர் அன்பன் உள்ளே வந்தமையாலா, ஓர் அன்பன் மதிப்பின்றி வெளியே போனமையாலா? படலம் முழுவதையும் பத்து முறை ஓதினும், அன்பன் வரவால் இறைவன் நீங்கினான் என்பதற்கு ஓரெழுத்தும் கிடையாது. பெரியபுராணத்திலும் அங்ஙனமே. திருநாளைப்போவார் வாயிலின் புறத்தே நின்றபோது திருப்புன்கூர்ப் பெருமான் தான் எழுந்து அகன்றிலன். மறைத்த விடையையே விலகச் செய்தான். அந்நாயனார் அத்தலத்திற் குளந்தொட்டார். பேரிகைக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் பிற கோயில்களுக்கும் அளித்து வந்தார். கோயிலுள் ஒலித்த முழவுக்குத் தோல் தந்தவரைக் கோயிலுட் புகவிடாதிருந்த வழக்கத்தை இறைவன் எவ்வாறு கருதினான் என்பதற்கு, விலகிய விடை இன்றும் திருப்புன்கூரிற் சான்று. 1939-இல் இயற்றப்பட்ட சட்டமும், 1947-இல் இயற்றப்பட்ட ஆலயப் பிரவேசச் சட்டமும் அரசியலார் செய்தவை. அவற்றுக்கு முன்னரே சேக்கிழாரும் பரஞ்சோதியாரும் தம் தீர்ப்பை எழுதி வைத்தனர்; படித்தோர் அதனைப் படியாதே போயினர்.

இப்படலம், ஊரார் வழிபடும் ஒரு சிறு கோயிலுக்குப் பெருமை கற்பிக்கப் பிற்காலத்தே புனைந்த தலக்கதை என்று கூறி ஒதுக்குவாரும் இருத்தல் கூடும். அங்ஙனமே கொள்ளினும் குறைவில்லை. புனைவோர்க்குக் காரணங்கள் எத்தனையோ கிடைத்திருக்கும்: அசுரன் ஒருவன் வருத்தினான் எனலாம், வெள்ளம் வந்தது எனலாம், வையை அருகில் இருத்தலின் அது மிக எளிது. அவற்றையெல்லாம் விட்டு, ஒரு புலவன் மனம் நொந்தான் என்பதையே காரணமாகத் தேர்ந்தமைதான் ஆராயத்தக்கது. கட்டுக்கதை எனினும், கட்டியவன் கருத்து மெய்.

இக்காலத்துத் திருப்பணிகளைக் காண்போர்க்கு இக்கருத்து வேண்டப்படுவதொன்று. திருப்பணி தொடங்குமுன் மூர்த்தியின் கலையைக் கும்பத்திற் கொணர்ந்து பாலாலயத்தில் வைப்பது முறை. குடமுழுக்கில் மீண்டும் மூலத்திற் சேர்ப்பர். அம்முறை வழுவாது நடைபெறுகின்றது. ஆனால் கும்பம் சுமப்போருக்குள் முதன்மை எவர்க்கு, பரிவட்டம் எவர்க்கு என்னும் பிணக்கு எழாத ஊர் அரிது. குழல் விளக்கொன்று வாங்கித் தந்து, அதன் ஒளி மறையுமாறு அதன்மேலேயே தம் பெயரை எழுதுவிக்கும் உபயகாரரை எல்லாரும் எள்ளுவர். எள்ளுவோரும் பெயர்ப்பலகையில் தம் பெயர் எவ்வரியில் உளது என்று பார்த்த பின்னரே எள்ளுகின்றனர். பழங் கல்வெட்டைச் சுண்ணத்தால் மறைத்து அதன்மேற் புதுப்பெயர் தீட்டுதலும் திருப்பணி என்றே வழங்குகின்றது. குலேசனிடத்தே இருந்த அழுக்காறு இவற்றினும் பெரிதென்று கூறமுடியாது. அவன் காலத்தில் கலாகர்ஷணம் செய்வார் எவருமின்றியே மூர்த்தி தானே பெயர்ந்தான் என்பதொன்றே வேற்றுமை.

படலம் முடியும் இடமும் நோக்கத்தக்கது. வடதிருவாலவாயில் தன் பிழையுணர்ந்த பாண்டியன் கோபுரம் எடுப்பேன், பொன்வேய்வேன் என்று நேர்ந்துகொண்டானல்லன். அரண்மனைக்குத் திரும்பினான். வாழையும் கமுகும் நாட்டி மண்டபத்தை அணிசெய்வித்தான். இடைக்காடரையும் உடன் சென்ற புலவரையும் அழைத்துப் பொன்னிருக்கையில் அமர்த்தி, வேண்டுவன வழங்கி, தன் பிழை பொறுக்குமாறு பணிந்து கேட்டான். புலவரும் பொறுத்தனர்.